சால்வையோடு போன பஸ்

1979 மாசி, செவ்வாய் இரவு

ஒட்டுசுட்டானில் பஸ் வந்து நின்றதும், மூச்சிழுப்போடு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட மனைவிக்கு இடம் பிடிக்க யன்னலால் சால்வையைப் போட்டேன். நெரிசலில் நாங்கள் ஏறுமுன்னே பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அவளுக்கு இழுப்புக் கூடியது. வேலிச் சண்டைக்குப் பிறகு என்னோடு பேசாத பக்கத்து வளவு மாணிக்கம் தன் காரை நிறுத்தினான்.

"அக்கா, ஏறுங்கோ, முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில விடுறன். அண்ணை, நீங்களும் வாங்கோவன்."

"நான் அடுத்த பஸ்ஸில வாறன்," என்றேன் வீம்பாக.

அவள் மூச்சு வாங்கியபடி ஏறினாள். "இஞ்சேருங்கோ, உங்கட சால்வை சீற்றில இருந்து போகுது. நீங்கள் நில்லுங்கோ."

அடுத்த பஸ் வரவேயில்லை. பொழுதுபட்டதும் வீட்டுக்கு நடந்தேன். அவளுக்கு என்ன பாடோ தெரியவில்லை. மாணிக்கத்தின் கார் இன்னும் திரும்பவில்லை. சத்தம் கேட்டால் வேலியடிக்குப் போய் நானே அவனைக் கூப்பிடுவேன்.