அண்ணியின் பப்பாளி இலையும் என் வீட்டுக்காரர் காலும்

ஜூன் 14
வீட்டுக்காரர் குணாளன் கோத்தா திங்கியில் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். காலில் முள் குத்திவிட்டதாம். பிடுங்கி எறிந்துவிட்டு டூரியான் தின்றிருக்கிறார்.
"கிளினிக் போலாங்க."
"இதுக்கெல்லாமா? நீ அடுப்பப் பாரு."
நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஜூன் 16
காய்ச்சல். கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. சளி பிடித்தாலே உயில் எழுத உட்காரும் ஆள் என்பதால் முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. மாலையில் என்னைப் பார்த்து, "டீச்சர், நோட்டு வீட்ல இருக்கு" என்றார். சிரித்தேன். மறுபடியும் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரில், ஸ்கூடாய் சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி.

ஜூன் 17
கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். செப்சிஸ் என்கிறார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் இறங்குகிறதாம்.
இந்தக் கடைசி வரியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. நம் ஊரில் பிளேட்லெட் இறங்கினால் அது டிங்கிக் காய்ச்சல்தான். டிங்கி என்றால் பப்பாளி இலைச் சாறு. மதியத்துக்குள் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பப்பாளி மரத்துக்கும் தலைமுடி இல்லை.
அங்கம்மா அண்ணி, வீட்டுக்காரருடைய அக்காதான், சாற்றோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.
"டாக்டருக்கு என்னா தெரியும், மதி? எங்க கம்பத்துக் கிராமத்துல செத்தவனே இதக் குடிச்சு எழுந்தான்லா."
"செத்தவனா அண்ணி?"
"கிட்டத்தட்ட."

ஜூன் 18
அண்ணி பாட்டிலைக் கைப்பைக்குள் மறைத்து வார்டுக்குள் போனார். மூடியைத் திறக்கும்போது நர்ஸ் மிஸ்ஸி பிடித்துவிட்டார். பின்னாலேயே டாக்டர் சாந்தினி. சின்னப் பெண், திட்டவில்லை.
"நினைவில்லாம கிடக்கறவர் வாயில இப்ப ஊத்துனா நுரையீரலுக்குப் போயிரும் ஆண்ட்டி. அதோட, அங்கிளுக்கு பிளேட்லெட் பத்தாம போனது ஏன்னா, இருக்கறதெல்லாம் செலவாகுது."
செலவு எங்கே? கிருமியைப் பிடிக்க வெள்ளை அணுக்கள் தமக்குள் சுருட்டி வைத்திருக்கும் மரபணு நூலையே வெளியே வலையாக வீசுமாம். பிளேட்லெட்டுகள் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு சும்மா இருக்காமல் 'இன்னும் வீசு' என்று வெள்ளை அணுக்களை உசுப்பும். ரத்தம் உறையும். ஓரிடத்தில் நடந்தால் நல்லது, கிருமி சிறைப்படும். உடம்பு முழுக்க நடந்தால் மெல்லிய குழாய்களெல்லாம் அடைபடும். விரல் நுனிக்கு ரத்தம் போகாது. பிளேட்லெட் தீர்ந்துபோனதால் வேறு பக்கம் ரத்தம் கசியவும் கூடும். ஒரே ஆளுக்கு இரண்டும்.
எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன். "ஒரு திருடனப் புடிக்க ஜொகூர் பாலத்துல போலீஸ் ரோட் பிளாக். உதவி செய்யறேன்னு லாரிக்காரன்லாம் குறுக்க நிறுத்திட்டான். சிங்கப்பூர் வேலைக்குப் போறவன் ஒருத்தனும் போய்ச் சேரல. அப்படியா?"
"அதேதான். உங்க அண்ணி இன்னும் லாரி அனுப்பச் சொல்றாங்க."
அண்ணியைத் தவிர எல்லாரும் சிரித்தோம். பிறகு டாக்டர் போர்வையை விலக்கிக் காட்டினார். காலில் இரண்டு விரல்கள் நீலம். மருந்து கிருமியை அடக்கினால் உறைவதும் அடங்குமாம்.
"அடங்கலன்னா?"
"கால் அப்புறம், ஆண்ட்டி. முதல்ல உயிர்."

ஜூன் 19
சுண்டுவிரல் கறுத்துவிட்டது. அண்ணி பாட்டிலைத் தானே குடித்துத் தீர்த்தார். கசப்பாம்.

ஜூன் 20
இன்னும் கண் திறக்கல. ஊர் வம்பெல்லாம் காதுக்குள்ள சொல்லிப் பாத்தேன் – எதிர்வீட்டு மனோகரன் முடிக்குச் சாயம் அடிச்சது வரைக்கும். அசையல. வம்புக்கே அசையாத மனுஷன நான் என்ன பண்ணுவேன்? நான் யார்ட்ட போய்ப் பேசுவேன்?
வெளியே நாற்காலியில் அண்ணி.
"சும்மா உக்காந்திருக்க முடியல மதி. எங்க வீட்டு முள்ளுதானே."
இத்தனை வருஷம் வாய்ச்சண்டை போட்ட அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 23
காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள், மருந்தும் மாற்றினார்கள். காய்ச்சல் இறங்குகிறது. பிளேட்லெட் தானாகவே ஏறுகிறது. "கறுப்பு மேல பரவல" என்றார் டாக்டர். சுண்டுவிரல் மட்டும் தங்காது. பக்கத்து விரல் பிழைத்துக்கொள்ளும்.
சாயங்காலம் கண் திறந்து அக்காவையும் என்னையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க. நான் செத்துட்டனா?"

ஜூலை 11
சுண்டுவிரலை எடுத்தாயிற்று. எதற்கும் உபயோகப்படாத விரல் என்று இவரே தேற்றிக்கொள்கிறார். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே என் தோள்தான் இவருக்குக் கைத்தடி. என் தோளின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9
காலையில் பெரிய சண்டை. மீன் குழம்பில் உப்பு அதிகமாம். "ஆஸ்பத்திரிச் சாப்பாடே தேவலாம்" என்றார். அப்படியானால் அங்கேயே போய்ப் படுங்கள் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரையும் பிடிக்காமல், சுவரைக்கூடத் தொடாமல், கூடத்தைக் கடந்து அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.
அடுப்பை அணைத்தேன். அண்ணிக்குப் போன் போட்டேன்.
"உங்க தம்பி கோவிச்சுக்கிட்டு நடந்து போயிட்டாரு அண்ணி."
"நடந்தா?"
"நடந்துதான்."
அந்தப் பக்கம் அண்ணி அழுதார். இந்தப் பக்கம் நான் குழம்பில் தண்ணீர் ஊற்றினேன்.