ஐந்தருவியில் தடை இல்லை

ஆனி கடைசி வெள்ளி

'ஐந்தருவியில் குளிக்கத் தடை.' மதியம் இதழியல் வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் கொடுத்த செய்தி இதுதான். காலையில் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். நானும்தான் முதலில் எழுதினேன், அது யாருக்கும் தெரியாது. பிறகு மனசு கேட்காமல், வகுப்புக்கு முன்னாலேயே தென்காசியில் அருவிக்குப் பஸ் ஏறினேன்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். "தடைய ஒம்பது மணிக்கே எடுத்தாச்சு தாயி. இங்கன நிக்கிற கூட்டம் கண்ணுக்குத் தெரியலையா?" அங்கே நின்ற போலீஸ்காரரிடமும் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

வகுப்பில் சார் என் செய்தியை மட்டும் வாசித்தார். முருகனுக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"போய் நனைஞ்சேன்லே."

நோட்டு இன்னும் ஃபேனுக்கு அடியில் காய்கிறது. எழுத்தெல்லாம் சாரலில் ஊறிவிட்டது. இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கமாட்டேன்.