காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கூடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். இந்த வாரம் அந்த வார்த்தையைத் தயங்காமல் எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். செவ்வாயும் புதனும் நீ கூப்பிட்டபோது போன் பழுதாகவில்லை, நான்தான் எடுக்கவில்லை. பார்வை மங்கியதிலிருந்து அம்மா தனியாகக் கூடத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். சுவர், கதவு நிலை, சுவிட்ச் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் அவள் எதைத்தான் பார்ப்பாள், சுவரை மட்டும் அடர் பழுப்பாக்குங்கள் என்று நீ சொன்னாய். சரி என்று சொல்லிவிட்டேன், ஆனால் என் சுபாவம் உனக்குத் தெரியாததா, நான்கு அட்டைகளில் நான்கு பழுப்பைப் பூசிச் சுவரில் ஒட்டி, காலை, மதியம், மாலை எப்படித் தெரிகிறது என்று ஒன்பது நாள் நோட்டில் குறித்தேன். காப்பிக்கொட்டை நிறம் தேறியது. பெயிண்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, ஐயா, கூடம் குகை மாதிரி ஆயிடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது என்றார். உன் மாமா வேறு வந்து நின்றுகொண்டு, அத்தான், இனிமே உங்க வீட்டுக்கு டார்ச் லைட்டோட வரணுமா என்று கேட்டான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முதல் பூச்சு காய்ந்ததும்தான் வினை தெரிந்தது. அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. என் அட்டைகளில் மூன்று முறை பூசியிருந்தேன், நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன், அந்தப் பக்கத்தைப் புரட்டத்தான் தோன்றவில்லை. பெயிண்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி வெள்ளையே அடித்துவிடலாமா, உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று அந்தக் கூடத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

புதன் மத்தியானம் அம்மா அவள் அறையிலிருந்து வந்தாள். ஓடிப்போய்க் கை கொடுத்திருக்க வேண்டும், எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நிலையைப் பிடித்தாள், நாலு எட்டு வைத்தாள், சுவரைத் துழாவாமல் நேராகச் சுவிட்சில் விரலை வைத்து ஃபேனைப் போட்டாள். இப்படிப் புழுங்கித் தள்ளுது, ஃபேனைக்கூடப் போடாம என்னத்துக்கு உட்கார்ந்திருக்கீங்க, இதுக்கும் நான்தான் வரணுமா என்று ஒரு பிடி பிடித்தாள். ஏழு மாதம் கழித்து அவளிடம் வாங்கிய நல்ல திட்டு, பாப்பா.

அடுத்த நிமிடமே பெயிண்டருக்குப் போன் செய்தேன். மூன்றாவது பூச்சோடு சுவர் பட்டுப்போல ஆகிவிட்டது. பெயிண்டர் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு, யார் சார் யோசனை என்று கேட்டார். என் பொண்ணு, இதுக்குன்னே படிச்சவ என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். நான் அப்படிக் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய். அறையை அலங்கரிக்க ஒரு படிப்பா என்று நீ கல்லூரியில் சேரும்போது கேட்டவனும் நான்தான். அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசிகள். குளியலறைச் சுவருக்கும் உன்னையே கேட்கச் சொல்கிறாள் அம்மா. நிறத்தின் நம்பரை மறக்காமல் அனுப்பு. இந்தத் தடவை அட்டை ஒட்ட மாட்டேன்.

உன் சொல்லை நம்பும்
அப்பா