பீரங்கியோடு வந்த வலை

மார்ச் 9, திங்கள்

மூழ்கிக் கிடந்த பழைய போர்க்கப்பலின் பீரங்கியை இன்று கரைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தக் கப்பலடியில்தான் எங்களுக்கு மீன் குவியும். கடலிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் அந்த இடம் இதுவரை எனக்கும் மச்சான் குமாருக்கும் மட்டும்தான் தெரியும். தனியாகப் போக மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

பீரங்கியில் ஒரு புது வலை சிக்கி வந்தது. அதன் மூலையில் சிவப்புப் புடவைத் துணி. திருஷ்டிக்காக என் மனைவி தன் தம்பி குமாரின் வலையில் கட்டியது. அந்த வலை புதுச்சேரிப் பக்கம் அறுந்துபோனதாகப் போன மாதம் சொன்னானே.

"யாரு வலையோ, பாவம் மாமா" என்றான் குமார்.

"எவன் கண்டான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், பீரங்கியோடு ஒரு வலையும் வந்தது என்று மனைவியிடம் சொன்னேன். யாருடைய வலை என்று அவள் கேட்கவேயில்லை.