நல்ல ஆட்டமா, ஜெயிச்ச ஆட்டமா

இன்று காலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு ஆரஞ்சை உரித்தாள். தோலைக் கிள்ளியதும் அந்தப் புளிப்பு வாசனை சுள்ளென்று மூக்கில் ஏறியது. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை நான் சன்னல் பக்கம் திருப்பிய முகத்தை எடுக்கவில்லை. ஹாஃப் டைமில் பிள்ளைகளுக்குக் கொடுக்க நீ சுளை சுளையாக உரித்து எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக்கொண்டு வருவாயே, அந்த வாசனை. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கையில் டெட்டால் வாடையும் ஆரஞ்சு வாடையும் கலந்து கிடக்கும்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நீ பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்று இன்று விழுப்புரத்தில் நடந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஒரு பக்கம் என் மகள் வினோ கோல்கீப்பர். எதிர்ப்பக்கம் உன் மகள் ஜெனி. சின்னதிலிருந்து ஒரே அணியில் ஆடிய பிள்ளைகள் முதல்முறையாக எதிரெதிரே நின்றார்கள். எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று தெரியாமலேதான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன்.

நமக்குக் கால்பந்து எங்கே தெரியும்? நீ நர்ஸ், நான் தையல்கடைக்காரி. பிள்ளைகளை ஏரிக்கரை மைதானத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் போக நேரமில்லாமல் உட்கார ஆரம்பித்தோம். வேகவைத்த மல்லாட்டையைத் தோலுரித்துக் கொறித்துக்கொண்டு, "ஏண்டி, உம்பொண்ணு கையால தொட்டா மட்டும் ரெஃப்ரி ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு?" என்று என் மகளைக் காட்டி நீ கேட்டாய். கோல்கீப்பர் கையால் தொடலாம் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அப்படித் தொடங்கிய நாம், ஞாயிறு பூசை முடிந்து நீ வந்ததும் என் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போனில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துச் சண்டை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டோம்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். பந்தைக் காலிலேயே வைத்து, கோலம் போடுவதுபோல் பாஸ் பாஸாகக் கொண்டுபோகும் அணி உனக்குப் பிடிக்கும். எப்படி ஆடினாலும் கடைசியில் ஒரு கோல் கூடுதலாக அடித்து வெளியே வரும் அணி எனக்குப் பிடிக்கும்.

நம் பிள்ளைகளின் முதல் கோச், அந்த ஒல்லிப் பையன், உன் கட்சி. அவன் இருந்த காலத்தில் நம் அணி செஞ்சியில் ஆடிய ஆட்டத்தை மறந்திருக்க மாட்டாய். நாம் மூன்று கோல், அவர்கள் நான்கு கோல். தோற்றுப்போய்த் திரும்பும் வேனில் நீ மட்டும் கல்யாண வீட்டிலிருந்து வருபவள்போல் வந்தாய்.

"இன்னா ஆட்டம்டி! ஜெனி ரெண்டு பேர சுத்திக்கினு போனா பாத்தியா?"

"போனா. அப்புறம் பால உட்டுட்டா. அவளுங்க வந்து கோல் போட்டுட்டாளுங்க," என்றேன்.

"உனக்கு ஆட்டம் பாக்கவே தெரியல கஸ்தூரி. நீ ஸ்கோர் பலகைய பாத்துக்கினு இருக்கற."

எனக்குப் பலகையைப் பார்க்க வேண்டியிருந்தது. வினோ ப்ளஸ் டூ. மார்க்கு சொல்லிக்கொள்கிறபடி வராது. மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டுப் பிரிவில் கல்லூரிச் சீட்டு கிடைக்க வழி உண்டு. இல்லாவிட்டால் ஒலக்கூரில் என் மாமியார் பார்த்து வைத்திருந்த வரன். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் இரண்டு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வினோ அவர்கள் எதிரே தலையைக் குனிந்து தட்டை நீட்டியபோது, பந்து பிடித்துக் காய்த்துப்போன அவள் உள்ளங்கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒல்லிப் பையன் சென்னையில் வேலை கிடைத்துப் போனான். கோச் மேடம் வந்தார். வந்த அன்றே தாய்மார்களைக் கூப்பிட்டு, "அழகா ஆடித் தோத்தவங்கள யாரும் ஸ்டேட்டுக்கு கூப்பிட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அதன்பின் நம் அணி ஆடிய ஆட்டத்தை எனக்கே பார்க்கச் சகிக்காது. எல்லாரும் பின்னால் நின்று வழியை அடைப்பது, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூரத்துக்கு உதைப்பது, கிடைக்கிற ஒரு கார்னரில் முட்டி மோதி ஒரு கோல். ஆனால் ஜெயித்தோம். வானூரில் ஜெயித்தோம், திருக்கோவிலூரில் ஜெயித்தோம். கோச் மேடத்தின் ஆட்டத்தில் ஜெனிக்கு இடமில்லை. பந்தைக் காலிலேயே வைத்திருக்கிறாள் என்று பெஞ்சில் உட்காரவைத்தார்.

அந்த வாரம் நீ கடைக்கு வந்தாய். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. நான் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இது ஃபுட்பாலாடி? ஊட்டுக்கு தாப்பா போட்டுக்கினு உள்ள ஒக்காந்துக்கினு இருக்கறாங்க. பாக்கறவன் எதுக்கு வெயில்ல வந்து நிக்கணும்?"

"ஜெயிக்கறாங்க இல்ல."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா ஸ்டேட்டுக்கு போவாங்க. அவ்ளோதான்."

நான் அடுத்த கையை வெட்டத் தொடங்கினேன். பிறகு நீ மெதுவாக, "எம்பொண்ண ஒக்கார வெச்சிட்டாங்கன்னு நான் பேசறதா நெனைக்கறியா?" என்று கேட்டாய்.

நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். "ஆமா," என்றேன். அன்றைக்கு என் மனதில் அதுதான் இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த ஆட்டத்துக்கு வந்தாய், ஆனால் எதிரணித் தாய்மார்கள் நடுவே போய் உட்கார்ந்தாய். ஹாஃப் டைமில் ஆரஞ்சு டப்பா மட்டும் வழக்கம்போல எங்கள் பக்கம் வந்தது. கொண்டுவந்தவள் ஜெனி. வினோவிடம் முதலில் நீட்டினாள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியே இறுதிப் போட்டி வந்தது. விழுப்புரத்தில், கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளோடு. ஜெயிப்பவர்கள் மாநிலத்துக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. என் மாமியார் ஒலக்கூரிலிருந்து போன் பண்ணி, "ஞாயித்துக்கெழம அவங்க வர்றாங்க, இன்னா சொல்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எப்போதும்போல ஒரு கார்னரில் முட்டி மோதி நாம் ஒரு கோல் போட்டோம். அதற்கப்புறம் ஆட்டமெல்லாம் வினோவின் எதிரேதான். கடலூர்ப் பிள்ளைகள் அலை அலையாக வந்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு பந்தை வினோ நெஞ்சில் வாங்கி மடங்கி விழுந்து, எழவே நேரமெடுத்தாள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். நீ எப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. திரும்பினால் நீ. என் முழங்கையைப் பிடித்திருந்தாய், நகம் பதிகிற அளவுக்கு.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது கோச் மேடம் ஜெனியை இறக்கினார். அவள் தோளைப் பிடித்து மூலைக் கொடியைக் காட்டிச் சொன்னது நமக்கே கேட்டது. "பால் வந்தா அங்க எடுத்துக்கினு போ. உடம்ப குடுத்து நில்லு. வேற ஒண்ணும் பண்ணாத." ஒரு பருவம் முழுக்க உட்காரவைத்துவிட்டு, கடைசியில் நேரத்தைக் கடத்த அவளைக் கூப்பிட்டார்.

பந்து ஜெனியிடம் வந்தது. சொன்னபடியே மூலைக்குக் கொண்டுபோனாள். முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு பேர் வந்து மோதினார்கள், விடவில்லை. அப்போது அவர்களுக்கு நடுவே ஒரு கதவு திறந்தாற்போல் சின்ன இடைவெளி விழுந்தது. அவளும் பார்த்தாள், நாமும் பார்த்தோம்.

"அங்கியே நில்லுடி! மூலையிலயே நில்லு! பால உடாத!" என்று தொண்டை கிழியக் கத்தியது நீ.

"போடி ஜெனி! பூந்து போ!" என்று கத்தியது நான்.

எதற்காகக் கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியைப் பார்த்தேன், அவள் காலைப் பார்த்தேன், மாமியாரும் மாப்பிள்ளையும் சான்றிதழும் எதுவும் நினைவில் இல்லை.

ஜெனி போனாள். பந்தை ஒருத்தியின் காலிடையே தள்ளி, மற்றவளைத் தோளால் சுற்றி, எல்லைக்கோட்டை ஒட்டியே கோலை நோக்கி ஓடினாள். மைதானமே எழுந்து நின்றது. கடலூர்த் தாய்மார்களும் எழுந்தார்கள். அவள் உதைத்த பந்து மேல்கம்பியை உரசிக்கொண்டு வெளியே போனது. அவர்கள் கோல்கீப்பர் உடனே எடுத்து நீளமாக உதைக்க, நம் பக்கம் காலியாகக் கிடந்தது. அவர்களுடைய நெட்டைப் பெண் ஒருத்தி தனியாக வினோவை நோக்கி வந்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டாய். நான் மூடவில்லை. வினோ முன்னால் ஓடிவந்து, காலை நீட்டிச் சறுக்கினாள். பந்து அவள் பூட்ஸில் பட்டு வெளியே தெறித்தது. ஆட்டம் முடிந்த விசில், நாம் ஜெயித்துவிட்டோம்.

பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து அழுதார்கள். நீ என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாய்.

"அறிவிருக்காடி உனக்கு? போன்னு கத்தற! அந்த நெட்டச்சி கோல் போட்டிருந்தா வினோவ ஒலக்கூருக்கு தாட்டி உட்டுருப்பாங்களே!"

"நீ மட்டும் இன்னா கத்தன? நில்லுன்னு. வருசம் பூரா தாப்பா தாப்பான்னு திட்டிக்கினு இருந்தவ."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் இருவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். கடையில் நான் சொன்ன "ஆமா"வுக்கு நீ அன்றைக்கும் பதில் சொல்லவில்லை. பின்னால் ஒருநாளும் சொல்லவில்லை.

வினோவுக்குச் சீட்டு கிடைத்தது. ஜெனிக்கும் கிடைத்தது, வேறு கல்லூரியில். அந்த வருடமே உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. நர்ஸ் என்பதால் டாக்டர் சொல்லும் முன்பே ரிப்போர்ட்டைப் படித்து முடித்திருந்தாய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முதல் சுற்று மருந்து ஏற்றியதில் முடி போனது, ருசி போனது, நடை போனது. இன்னொரு சுற்று ஏற்றினால் சில மாதம் கூடலாம் என்றார்கள். நீ வேண்டாம் என்றாய்.

வராந்தாவில் வைத்து உன்னோடு சண்டை போட்டேன். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு டீ வாங்கப் போய்விட்டார். "ஏத்திக்கடி. ஆறு மாசம்னா ஆறு மாசம். உடாத," என்றேன். என் குரல் பக்கத்து வார்டு வரை கேட்டிருக்கும்.

நீ துண்டு கட்டிய தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "இங்கயும் ஸ்கோர் பாக்கறியா கஸ்தூரி?" என்றாய். "படுத்துக்கினே கெடக்கறதுக்கு ஆறு மாசம் எதுக்கு? நான் கிரவுண்டுக்கு போவணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து ஏறினேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை உன்னை ஆட்டோவில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனது நான்தான். அதற்கடுத்த சனியும். யாரோ வீட்டுப் பிள்ளைகள் ஆடுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாய். நல்ல பாஸ் விழுந்தால் எந்த அணி என்று பார்க்காமல் என் தொடையில் தட்டுவாய். தட்டலில் வாரத்துக்கு வாரம் வலு குறைந்தது. ஒரு வாரம் நீ வரவில்லை.

நீ செய்தது சரி என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அந்தச் சனிக்கிழமைகளை எனக்கு யாரும் திருப்பித் தரமுடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு எந்தப் பக்கமும் உட்காராமல் நடுக்கோட்டுக்கு நேராக நின்றேன். ஜெனி உன்னைப்போலவே மெலிந்திருக்கிறாள். அவர்கள் அணி முழுநேரமும் அழகாக ஆடியது. ஒருமுறை அவள் மூன்று பேரைத் தாண்டி வினோவுக்கு நேராக வந்தாள். உதைத்தாள். வினோ பாய்ந்து விரல்நுனியால் மேலே தட்டினாள். நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்திலிருந்தவர், "யாருக்கும்மா கத்தறீங்க?" என்று கேட்டார். கடைசியில் வினோவின் அணி ஒரு அசட்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

பேருந்து நிலையம்வரை மூவரும் நடந்தோம். "நீங்க நல்லாதான் ஆடுனீங்க. ஜெயிச்சது நாங்க," என்று வினோ சீண்டினாள். "அது ஒரு கோலா? பால் தானா போய் பூந்துக்கிச்சி," என்று ஜெனி சண்டைக்கு வந்தாள். ரயில்வே கேட்டிலிருந்து ஆரம்பித்த சண்டை டீக்கடையிலும் தீரவில்லை.

"யம்மா, நீ சொல்லு. ஜெயிக்கறது முக்கியமா இல்லியா?" என்றாள் வினோ.

"ஜெயிச்சது நீதான்," என்றேன். "ஆனா நான் பாத்துக்கினு இருந்தது இவளத்தான்."

ஜெனி டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டாள். வினோவுக்கு முகம் சுருங்கியது. "பெத்தவ பேசற பேச்சா இது?" என்றாள். உடனே எனக்கே பொறுக்காமல், தோற்றுப்போன ஆட்டத்தில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று ஜெனியைப் பிடித்துக்கொண்டேன். திண்டிவனம் இறங்கும்வரை அப்படித்தான். ஒரு நேரம் உன் பக்கம், ஒரு நேரம் என் பக்கம்.

நீ இருந்தவரை என் பங்கை மட்டும் பேசினால் போதுமாயிருந்தது. இப்போது இரண்டையும் நானே பேச வேண்டியிருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.