மூடி கழன்ற கேசட்

அன்பு மகள் ஹெப்சிக்கு, அந்த ஊர்க் குளிரில் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம்தான், ஆனால் காலையிலிருந்து எனக்கு மனசு படபடவென்று இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ விட்டுப்போன கேசட்டுகள் இருக்கிறதே, கேமராவுக்குத் திரும்பத் திரும்ப ஃபிலிம் ஏற்றுவது, அதில் ஒன்றில் பூராவும் உன் தம்பி ஆபேல் படம். அப்பா பேச்சை மீறி ஜீவிதாவைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷம் கழித்துப் போன மாதம் ஒரு மணி நேரம் வந்தானே, அன்றைக்கு நான் எடுத்தது. அப்பா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று மத்தியானம் அவர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது ஃபிலிமைக் கழுவலாம் என்று, வெளிச்சம் பட்டால் படம் போய்விடுமே, பாத்ரூம் ஜன்னலைப் போர்வையால் மூடிக் கதவைச் சாத்தினேன். இருட்டில் கேசட் கைநழுவி விழுந்தது. மூடி லூசு என்று தெரிந்தும் மாற்றாதது என் தப்பு. அது எகிறிப்போய்ச் சுருள் பிரிந்துவிட்டது, ஃபிலிமை ஒரு கையில் அள்ளிக்கொண்டு மறுகையால் கழுவுகிற டப்பாவைத் தேடினதில் வாளி உருண்டது. அந்நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார். பியூலா, விழுந்துட்டியா, இரு லைட்டப் போடறேன் என்கிறார். நம் வீட்டில் சுவிட்ச் வெளியில்தானே! போடாதீங்க, கையில ஆபேல் இருக்கான் என்று கத்திவிட்டேன். ஆறு வருஷமாக அவர் காதுபட நான் சொல்லாத பேர். அப்புறம், போடல, நீ பொறுமையா பண்ணு என்றார். டப்பாவை மூடும்வரை, அரை மணி நேரம், அங்கேயே நின்றார்.

படம் தப்பியது. கேசட் வாயிலிருக்கும் வெல்வெட் துணியில் தூசி சேர்ந்து ஃபிலிமில் நெடுக ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கிறது, நீயும் ஏற்றுமுன் அதைத் துடை, இனி வாங்கினால் மரை போட்டுத் திருகுகிற மூடியாகப் பார்த்து வாங்கு. காய்ந்த ஃபிலிமை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் முகம் எங்கே தெரியும்? இளைச்சிருக்கானா என்று கேட்டார். நீங்களே போய்ப் பாருங்க என்று சொல்லிவிட்டேன்.

காலையில் ஏழு மணிக்கே உன் தம்பி இருக்கும் குன்றத்தூருக்குப் பஸ் பிடிக்கிறேன் என்று போனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். பதினொன்று வரை தகவல் இல்லை, பிரஷர் மாத்திரையும் போடவில்லை. இப்போதுதான் ஆபேல் கூப்பிட்டான். அம்மா, அப்பா வாசல்ல நிக்கிறாரு, என் மூஞ்சியவே பாத்துட்டிருக்காரு, நான் இன்னா பண்ணட்டும் என்கிறான். உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுடா என்றேன்.

நீயும் இன்றே தம்பிக்குப் போன் செய், மறக்காதே. கர்த்தர் உன் கூடவே இருப்பாராக.

உன் அம்மா,
பியூலா
இரும்புலியூர்