தட்டில் மாறிய நிறம்

1968 நவம்பர் 4, திங்கள்

விடாத தூறல். தெருவில் யாரும் நெய்வதற்கான பாவு நூலை நீட்டவில்லை. அண்ணன் தறியிலிருந்து எழுந்து எழுந்து போய் வானம் பார்த்தார்.

அவர் மகள் செல்விக்கு மழை விடுமுறை. மையொற்றும் தாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்து அடுப்பு மேல் காயவைத்தோம். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவப்பு. எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சள். "இன்னொரு வாட்டி, அத்தை." தாள் தீர்ந்தது. சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று அவளாகவே கேட்டாள். சொல்லவில்லை. செய்து பார் என்றேன். ஏழு வயது.

வாங்க: தாள், நீலம். லைப்ரரி புத்தகம் திருப்ப.

புதன் அண்ணி வருகிறாள், பிரசவத்துக்குப் போன தாய்வீடான திருப்புட்குழியிலிருந்து. செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தம்பிக்கும் காட்டலாமா?"

நவ. 6, புதன்

வெயில். அண்ணி வாசலில் கைக்குழந்தையோடு. மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்துச் சிவப்பாக்கி வைத்திருந்த ஆரத்தித் தட்டை எடுக்க அம்மா உள்ளே போனாள். தட்டில் மஞ்சள் தண்ணீர். பக்கத்திலேயே பிழிந்த எலுமிச்சை மூடி.

"எவடி இதுல கை வெச்சது?"

"நான்தான் ஆயா. தம்பி பாக்கட்டும்னு..."

எதிர்வீட்டம்மா: "பிள்ளையை வாசல்ல நிக்க வெச்சுக்கினு வெளையாட்டாமா இது?"

மறுபடி கரைத்து வரும்வரை அண்ணி வெயிலில் நின்றாள். சொல்லிக்கொடுத்தது நான் என்றேன். அம்மா: "உன் சயின்ஸை லைப்ரரியோட வெச்சுக்கோ." நியாயம்தான்.

நவ. 7, வியாழன்

குழந்தைக்கு ஜுரம். டாக்டர் சளி என்றார். மருந்து, வெந்நீர்.

அம்மா எதிர்வீட்டம்மாவிடம்: "தட்டு நிறம் மாறினப்பவே எனக்குத் திக்குனு இருந்துது." கதவோரம் செல்வி. அம்மா கவனிக்கவில்லை.

நவ. 8, வெள்ளி

செல்வி பள்ளி விட்டு வந்தும் குழந்தை இருக்கும் அறைக்குள் போகவில்லை. அண்ணி கூப்பிட்டும். இத்தனை மாதம் அம்மா எப்போ வரும் என்று அரித்தவள்.

பிறகு என் காதில்: "என்னாலதான் தம்பிக்கு ஜுரமா?"

"நேத்து நீ பச்சை ரிப்பன் கட்டிக்கினு போன. சாயங்காலம் மழை வந்துது. ரிப்பனாலயா மழை?"

"இல்ல. ஆனா ரிப்பனைப் பத்தி ஆயா ஒண்ணும் சொல்லலியே."

படித்த புத்தகம் எதிலும் இதற்கு வழி இல்லை.

நவ. 9, சனி

ஜுரம் இறங்கிவிட்டது. செல்வி இன்னும் அறை வாசலோடு சரி. அவள் கேட்டதை அண்ணியிடம் சொன்னேன். கேட்டபடியே அவள் சேலை ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

நவ. 10, ஞாயிறு

மத்தியானம் அண்ணி கூடத்தில் உட்கார்ந்தாள். மடியில் குழந்தை. எதிரே தட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சை.

"செல்வி, இங்க வா. அன்னிக்கு என்னா பண்ணினன்னு காட்டு."

"தம்பிய உள்ள உட்டுட்டு வாம்மா. காட்டுறேன்."

"தம்பிக்குக் காட்டத்தானேடி பண்ணின?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள்.

செல்வி கரைத்தாள்: சிவப்பு. பிழிந்தாள்: மஞ்சள். குழந்தை தட்டைப் பார்க்கவே இல்லை, உத்தரத்துப் பல்லியைப் பார்த்தது. செல்வி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதன் நெற்றியைத் தொட்டுச் சூடு பார்த்தாள். திரும்பச் சுண்ணாம்பு, சிவப்பு. பிழிந்தாள். மறுபடி நெற்றி.

இதை நான் சொல்லித் தரவில்லை.

நவ. 11, திங்கள்

மூட்டம். பாவு போடலாமா வேண்டாமா என்று தெருவில் ஒரே பேச்சு.

பல் விளக்கும் முன்பே செல்வி தம்பியிடம் போய் வந்தாள். "நெத்தி சுடல, அத்தை. ஆனா நாளைக்கும் பாக்கணும்."

அடுப்படியிலிருந்து அம்மா: "நெத்திய மட்டும் தொட்டா என்னாடி தெரியும்? கழுத்தாண்ட தொட்டுப் பாரு."